ஒட்டாத உறை: நம் மின்னஞ்சலை வழியில் யார் யார் பார்க்கலாம்?

கொமினிகேசன் கடை மேசையில் ஒரு சீஆர் கொப்பி இருக்கும். மட்டை ஓரம் பிய்ந்திருக்கும். உள்ளே கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள்: பெயர், ஈமெயில், பாஸ்வேர்ட். கட்டாருக்கு வேலைக்குப் போக விண்ணப்பித்தவர், பல்கலைக்கழக அனுமதிக்கு ஒன்லைனில் பதிய வந்த பிள்ளை, ஓய்வூதியப் படிவம் அனுப்ப வந்த ஐயா என்று எல்லாருடைய கணக்கும் அதில் வரிசையாக இருக்கும். கிழக்கிலங்கையில் களுவாஞ்சிக்குடி தொடங்கி அக்கரைப்பற்று வரை இப்படிப்பட்ட கொப்பிகளைப் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். கடைத் தம்பி கெட்டவர் இல்லை. “மறந்திட்டுத் திரும்பி வருவாங்க, அதுக்குத்தான் எழுதி வைக்கிறன்” என்பார். உண்மையும் அதுதான், மறந்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

இந்தக் கொப்பி கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதைப் பற்றிப் பேச முடிகிறது. ஒரு மின்னஞ்சல் புறப்பட்டுப் போய்ச் சேரும்வரை அதைத் தொட்டுக் கைமாற்றும் மற்றவர்கள் நம் கண்ணில் படுவதே இல்லை. அவர்கள் யார், அவர்களால் என்ன பார்க்க முடியும் என்பது பயன்படுத்துகிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். சில காலம் அந்த வேலையை நானே செய்ததால் இப்படிச் சொல்கிறேன்.

குருமண்வெளித் துறையில் பாதை ஏறி மண்டூருக்குப் போகிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். (எங்கள் பக்கம் பாதை என்றால் வாவியைக் கடக்கும் மிதவை. மண்முனையில் 2014-இல் பாலம் வரும்வரை அங்கேயும் அதுதான்.) நெல் மூட்டை, மோட்டார் சைக்கிள், கோயிலுக்குப் போகும் குடும்பம் எல்லாம் ஒன்றாக ஏறும். யார் எதைக் கொண்டுபோகிறார்கள் என்று பாதைக்காரர் துருவிப் பார்ப்பதில்லை. ஆனாலும் அவர் கண் முன்னால்தான் எல்லாம் ஏறி இறங்குகிறது. மின்னஞ்சலும் அப்படி ஒரு துறையிலிருந்து அடுத்த துறைக்குப் போகிறது. குவைத்தில் இருக்கும் மகள் எழுதுவது முதலில் அவளுடைய மெயில் கம்பனியின் சேர்வரில், அதாவது கடிதங்களை வாங்கிக் கைமாற்றும் கணினியில், இறங்கும். அங்கிருந்து வெல்லாவெளியில் இருக்கும் அண்ணனுடைய மெயில் கம்பனியின் சேர்வருக்குப் போகும். அதன் பிறகுதான் அண்ணனின் போன். அலுவலக முகவரி என்றால் நடுவில் குப்பை அஞ்சலை வடிகட்டும் சேர்வர் ஒன்று, பிரதி எடுத்து வைக்கும் சேர்வர் ஒன்று என்று துறைகள் கூடும். ஒவ்வொரு துறையிலும் கடிதம் முழுவதாக இறக்கப்பட்டு, வட்டில் எழுதப்பட்டு, பிறகுதான் அடுத்த ஆளிடம் ஒப்படைக்கப்படும்.

இரண்டு சேர்வர்கள் பேசிக்கொள்ளும் விதத்தைக் கிட்ட நின்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். முதலாவது “ஹெலோ” என்று தன் பெயரைச் சொல்லும். மற்றது 250 என்று பதில் தரும். சரி என்பதற்கு அவர்கள் மொழியில் 250. “மெயில் ஃப்ரம்” என்று அனுப்பியவர் முகவரி. 250. “ஆர்சிபிடி டூ” என்று பெறுகிறவர் முகவரி. மறுபடி 250. பிறகு “டேட்டா”. அதற்கு 354, அதாவது சொல்லு, கேட்கிறேன். இப்போது கடிதம் முழுவதும், தலைப்பும் உடலுமாக, வரி வரியாகப் போகும். கடைசியில் ஒரு வரியில் தனியாக ஒரு புள்ளி வைத்தால் கடிதம் முடிந்தது. இந்த உரையாடலை 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதி வெளியிட்டார். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. அந்த உரையாடலில் எங்கேயும் பூட்டு என்று ஒன்று கிடையாது. அன்றைக்கு வலையில் இருந்தவை சில நூறு கணினிகள்தான். பல்கலைக்கழகம், ஆய்வுகூடம், இராணுவம். ஒவ்வொன்றையும் பராமரித்தவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். சேர்வரைப் பார்த்துக்கொள்கிறவர் நல்லவர் என்ற நம்பிக்கையை அடித்தளமாகப் போட்டுத்தான் வீட்டைக் கட்டினார்கள். பிறகு உலகமே அந்த வீட்டுக்குள் குடிவந்துவிட்டது.

பூட்டு பின்னால் வந்தது. சேர்வர்களுக்கு இடையிலான வழியை மறையாக்கம் செய்யும் முறை 1999-இல் எழுதப்பட்டு 2002-இல் திருத்தப்பட்டது. அதுவும் ‘இரண்டு பக்கமும் முடிந்தால் பூட்டிக்கொள்வோம், முடியாவிட்டால் திறந்தே போகட்டும்’ என்ற ஏற்பாடுதான். நடுவில் இருக்கும் ஒருவன் “எனக்குப் பூட்டு இல்லை” என்று ஒரு சேர்வரின் குரலில் பொய் சொன்னால் மற்றது நம்பித் திறந்தே அனுப்பிவிடும். அதை அடைக்கும் ஏற்பாடு ஒன்று 2018-இல் வந்தது. 2013-இல், அமெரிக்க உளவு அமைப்புக்காக வேலைசெய்த எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள் பெரிய கம்பனிகளையே உலுக்கின. கூகுளும் யாஹூவும் தங்கள் தரவு மையங்களுக்கு இடையே ஓடவிட்ட சொந்தக் கம்பிகளில் அந்த உளவு அமைப்பு காது வைத்திருந்த செய்தி அந்த ஒக்டோபரில் வந்தது. அதன் பிறகு பூட்டுவது வேகமாகப் பரவியது. இன்றைக்கு இரண்டு பெரிய கம்பனிகளுக்கு இடையே போகும் கடிதம் வழியில் மூடியே போகிறது என்று கொள்ளலாம். ஆனால் பூட்டியிருப்பது துறைக்கும் துறைக்கும் இடைப்பட்ட தண்ணீரை மட்டும். துறையில் இறங்கியதும் கடிதம் திறந்துதான் இருக்கிறது.

அந்தத் துறையில் நான் நின்றிருக்கிறேன். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு மட்டக்களப்பு நகரில் தொண்டு நிறுவனக் கந்தோர்கள் பெருகிய காலம். அப்படி ஒன்றில் கணினிப் பிரிவை நான் பார்த்துக்கொண்டேன். களஞ்சிய அறை மூலையில் ஒரு சேர்வர், பக்கத்தில் மின்சாரம் போனால் கத்தும் யூபிஎஸ். உலகத்தில் எந்த மெயில் சேர்வரிலும் ‘போஸ்ட்மாஸ்டர்’ என்று ஒரு முகவரி இருந்தே ஆக வேண்டும் என்பது விதி; தபாலதிபர் என்றே பொருள். எங்கள் கந்தோரில் அந்தப் பெட்டி என்னுடையது.

ஒரு கடிதம் போய்ச் சேராவிட்டால் அனுப்பியவருக்கே திரும்பி வரும். அனுப்பியவர் முகவரியும் பிழையாக இருந்தால் அந்தத் திரும்பலும் திரும்பி, கடைசியில் தபாலதிபரின் பெட்டியில் விழும். கடிதத்தின் முழு உடலோடு விழும். ஒருநாள் பின்னேரம் அப்படி ஒன்று விழுந்தது. எங்கள் கந்தோரில் வேலைசெய்த ஒரு அக்கா கொழும்பில் ஒரு மருத்துவருக்குத் தன் பரிசோதனை முடிவுகளைப் பற்றி எழுதியது. அவருடைய கணக்கை அமைக்கும்போது முகவரியில் ஒரு எழுத்தைப் பிழையாகப் போட்டவன் நான். என்ன பிழை என்று பார்க்கத் திறந்தேன். மூன்று வரி படித்த பிறகுதான் அது என்ன கடிதம் என்று விளங்கியது.

மூடினேன். ஆனால் படித்ததைப் படிக்காததாக்க முடியாதே. அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அப்ப தம்பி, மற்றதெல்லாமும் உங்களுக்குத் தெரியுமா?”

“பார்க்கலாம் அக்கா. ஆனா பார்க்கிறதில்ல” என்றேன்.

அதன் பிறகு அவர் சொந்த விஷயம் எதையும் அந்த முகவரியிலிருந்து அனுப்பவில்லை. மதிய இடைவேளையில் வெளியே கடைக்குப் போய் அனுப்பினார். அந்தக் கடையில் யார் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பார்க்கலாம், பார்ப்பதில்லை என்ற இரண்டுக்கும் இடையில் இருக்கும் தூரத்தைத்தான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ‘பார்ப்பதில்லை’ என்பது என் குணத்தைப் பொறுத்தது. நாளைக்கு எனக்குப் பதிலாக வருகிறவருடைய குணம் வேறு. ‘பார்க்கலாம்’ என்பது இயந்திரத்தைப் பொறுத்தது. அது ஆள் மாறினாலும் மாறாது.

தமிழில் எழுதினால் யாருக்கும் விளங்காது என்று ஒரு காலத்தில் நம்மிடம் எண்ணம் இருந்தது. பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதம் சேர்வரில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். ஆனால் பாமினியில் நாள் முழுக்கத் தட்டுகிற ஒருவருக்கு அந்தக் குவியலை அப்படியே வாசிக்க முடியும், எனக்கும் முடிந்தது. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் யூனிகோடு வந்த பிறகு தோற்றம் இன்னும் பூட்டுப் போலாகிவிட்டது. தமிழ்க் கடிதத்தைப் பெரும்பாலும் பேஸ்64 என்ற முறையில் மாற்றித்தான் அனுப்புகிறார்கள். ‘அம்மா’ என்பதில் கணினிக்கு 5 குறிகள்: அ, ம, புள்ளி, ம, கால். ஒவ்வொன்றுக்கும் 3 பைட். பேஸ்64 அந்த மூன்றை நான்கு எழுத்தாக்கும். ஆக அம்மா என்பது 20 எழுத்துகளாக நீண்டு கிடக்கும். அதில் ஒவ்வொரு நான்கும் ‘4’, பிறகு ஆங்கிலக் ‘கே’ என்றே தொடங்கும், ஏனென்றால் தமிழ்க் குறிகள் யூனிகோடில் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் இருக்கின்றன. எங்கள் பக்கத்தில் பழகிய நிர்வாகி அந்த நான்கையும் கேயையும் கண்டதும் இது தமிழாகத்தான் இருக்கும் என்று ஊகித்துவிடுவார். அதைப் பழையபடி தமிழாக்க ஒரு கட்டளை போதும். சாவி எதுவும் வேண்டாம். விளங்காமல் இருப்பது வேறு, பூட்டியிருப்பது வேறு.

உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காவிட்டாலும், உறையின் மேலே எழுதியதைச் சேர்வர் பதிவேட்டில் குறித்தே ஆகும். யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு பெரிது. ஏதாவது பிழை வந்தால் தேடிப் பார்க்க அந்தப் பதிவு வேண்டும், அதனால் எந்த நிர்வாகியும் அதை நிறுத்தமாட்டார். மேலதிகாரிக்குத் தெரியாமல் இன்னொருவருக்கு ‘பிசிசி’ போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிசிசி முகவரி கடிதத்தில்தான் மறைந்திருக்கிறது. “ஆர்சிபிடி டூ” என்று சேர்வரிடம் அந்தப் பெயரைச் சொல்லாமல் கடிதம் போகவே போகாது. சொன்னது பதிவேட்டில் ஏறிவிடும். ஒரு பெண் இரவு 11 மணிக்கு வாரம் மூன்று முறை ஒரு சட்டத்தரணிக்கு எழுதுகிறாள் என்று தெரிந்தால் போதும். கடிதத்தை யாரும் திறக்கத் தேவையில்லை.

இவையெல்லாம் சின்னக் கந்தோரின் கதை, பெரிய கம்பனியில் நடக்காது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 2010-இல் கூகுள் தன் பொறியியலாளர் ஒருவரை வேலையிலிருந்து நீக்கியது. சேர்வர்களைப் பராமரிக்கக் கொடுத்த அனுமதியைக் கொண்டு, பதின்ம வயதுப் பிள்ளைகள் உட்படச் சிலருடைய கணக்குகளுக்குள் புகுந்து பார்த்தார் என்பது காரணம். 2012-இல் மைக்ரோசொஃப்ட் தன் மென்பொருள் இரகசியம் வெளியே போனதைக் கண்டுபிடிக்க, ஒருவருடைய ஹொட்மெயில் பெட்டியை நீதிமன்ற உத்தரவு இல்லாமலே தேடியது. 2014-இல் அது வெளியே வந்து கண்டனம் எழுந்த பிறகு, இனிமேல் அப்படி நாமே தேடமாட்டோம், பொலிஸிடம் ஒப்படைப்போம் என்று சொன்னது. ஹார்வர்ட் பல்கலைக்கழகம் தன் உதவி டீன்களின் கணக்குகளை அவர்களுக்குத் தெரியாமல் தேடிய விஷயம் 2013 மார்ச்சில் தெரியவந்தது. யார் கசியவிட்டார் என்று பார்க்கத் தலைப்பு வரிகளை மட்டும்தான் தேடினோம் என்றார்கள். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் நம் பல்கலைக்கழகங்கள் தங்கள் சொந்தப் பெயரிலேயே முகவரி தருகின்றன. அங்கேயும் எந்த நிறுவனத்திலும் போல ஒரு நிர்வாகி இருப்பார். எந்தச் சந்தர்ப்பத்தில், யாருடைய எழுத்து அனுமதியோடு ஒரு பெட்டியைத் திறக்கலாம் என்று முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்களா என்று மாணவர்களும் ஆசிரியர்களும் கேட்பது நியாயமான கேள்வி.

நிர்வாகி நல்லவராகவே இருந்தாலும் அவர் கையை மீறிய சந்தர்ப்பம் உண்டு. லவாபிட் என்று அமெரிக்காவில் ஒரு மெயில் சேவை, சுமார் 4 இலட்சம் பேர் பயன்படுத்தியது. ஸ்னோடனும் அதில் இருந்தார். ஒருவருடைய போக்குவரத்தைப் பார்ப்பதற்காக முழுச் சேவையின் சாவியையும் தரும்படி அரசு கேட்டது. அதை நடத்திய லாடர் லெவிசன் முதலில் சாவியை மிகச் சின்ன எழுத்தில் 11 பக்கங்களில் அச்சடித்துக் கொடுத்தார், வாசிக்கவே முடியாது. நீதிமன்றம் ஏற்கவில்லை. கடைசியில் 2013 ஆகஸ்ட் 8-இல் சேவையையே மூடினார். ஒரே சாவி எல்லா வீட்டையும் திறக்கும் என்றால் ஒருவருக்காகக் கொடுத்தாலும் எல்லாரையும் கொடுத்ததுதான். அதைத் தடுக்க அந்த மனிதருக்கு இருந்த ஒரே வழி கடையை மூடுவது. எல்லாரும் அப்படி மூடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியுமா?

இங்கே சட்டம் என்ன சொல்கிறது? 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் தனியுரிமை தனியாக ஒரு உரிமையாகச் சொல்லப்படவில்லை. 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், அனுமதியில்லாமல் கணினிக்குள் நுழைவதையும் போகிற தரவை இடைமறிப்பதையும் குற்றமாக்கியது. ஆனால் நிர்வாகிக்கு உள்ளே இருக்க அனுமதி இருக்கிறது, அதுதான் சிக்கல். 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் கிட்ட வருகிறது. எதற்காகத் தரவைப் பெற்றாயோ அதற்கு மட்டும் பயன்படுத்து, தேவைக்கு மேல் வைத்திராதே என்கிறது. அது முழுமையாக நடைமுறைக்கு வருவதுதான் தள்ளிப்போய்க்கொண்டே வந்திருக்கிறது.

போர்க் காலத்தை நினைக்காமல் எனக்கு இதைப் பற்றி எழுத முடியவில்லை. செஞ்சிலுவைக் கடிதம் இந்தப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளுக்கு வந்தது. சிறையிலிருந்து பிள்ளை எழுதியது, பிரிந்துபோன குடும்பத்துக்கு எழுதியது. ஒரு தாள், ஒட்டமாட்டார்கள். குடும்பச் செய்தி மட்டும் எழுதலாம், வழியில் படிப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் எழுதுகிறவர்கள் தெரிந்தே எழுதினார்கள். நான் சுகம், அம்மாவுக்குச் சுகமா, மாடு கன்று போட்டதா என்று. சொல்ல முடியாததைச் சொல்லாமல் விட்டார்கள், படிக்கிற தாய் அதை உணர்ந்துகொண்டாள். திறந்த கடிதம் என்று தெரிந்ததால் அந்தத் தாளை நம்ப முடிந்தது. மின்னஞ்சலும் அதே அளவு திறந்த தாள்தான். ஆனால் திரையில் உறை படம் போட்டு, மூடிய உறைபோலக் காட்டுகிறார்கள். மக்கள் அதை நம்பிக் கடவுச்சீட்டுப் பிரதியையும் வங்கிக் கூற்றையும் மனக்கவலையையும் அதில் போடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அந்தப் படத்தின் மேல்தான்.

உறையை உண்மையாகவே ஒட்டுவதற்கு வழி இல்லாமல் இல்லை. பில் ஸிம்மர்மன் 1991-இலேயே பிஜிபி என்ற மென்பொருளைக் கொடுத்தார். எழுதுகிறவர் கணினியில் பூட்டினால் பெறுகிறவர் கணினியில்தான் திறக்கும். நடுவில் எந்தத் தபாலதிபரும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தலைப்பு வரியும் முகவரிகளும் அதில் வழக்கமாக மூடப்படுவதில்லை, சாவியைப் பராமரிப்பதும் கஷ்டம். முப்பது வருடம் கடந்தும் அது பரவவில்லை. எங்கள் பக்கத்தில் பயன்படுத்துகிற யாரையும் நான் சந்தித்ததில்லை. புரோட்டன் போன்ற சேவைகள் அந்தக் கஷ்டத்தைக் குறைத்தன. அங்கேயும் இருவரும் புரோட்டனில் இருந்தால்தான் கடித உடலுக்குத் தானாகவே பூட்டு விழும். 2021-இல் சுவிட்சர்லாந்து அதிகாரிகளின் உத்தரவுக்குப் பணிந்து பிரெஞ்சு ஆர்வலர் ஒருவரின் ஐபி முகவரியை, அதாவது எந்த இணைய இணைப்பிலிருந்து வந்தார் என்று காட்டும் எண்ணை, அந்தச் சேவை கொடுத்தது. கடித உடலைக் கொடுக்க அதனால் முடியவில்லை, சாவி அதனிடம் இல்லை. முடியாது என்பதற்கும் செய்யமாட்டேன் என்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கே தெளிவாகத் தெரிகிறது. 2016-லிருந்து வட்ஸ்அப்பிலும் பேச்சின் உள்ளடக்கம் அப்படித்தான், அதனால் குடும்ப விஷயத்தை மின்னஞ்சலில் எழுதுவதை விட அதில் பேசுவது மேல். கடவுச்சீட்டுப் பிரதியை மின்னஞ்சலில்தான் அனுப்ப வேண்டுமென்றால் பிடிஎஃபுக்கு ஒரு பாஸ்வேர்ட் போட்டு அனுப்பி, பாஸ்வேர்டைப் போனில் வாயால் சொல்லலாம். ஐந்து பேருக்குத் தெரிந்த ஒரே பாஸ்வேர்டில் ஓடும் ‘கந்தோர் மெயில்’ வைத்திருப்பவர்கள் அதை இன்றைக்கே நிறுத்தலாம். கடையில் அச்செடுக்க “எங்கட மெயிலுக்குப் போடுங்க” என்று கடைக்காரர் சொல்லும்போது, எடுத்து முடிந்ததும் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லிக் கேட்கலாம். அழித்தவை போய்ச் சேரும் ‘ட்ராஷ்’ பெட்டியிலிருந்தும் அழிக்க வேண்டும்.

அண்மையில் ஒரு கடையில் காத்திருந்தேன். படுவான்கரையிலிருந்து பாதை ஏறி வந்த ஒரு அம்மா, மகளின் விண்ணப்பத்துக்காகப் புதுக் கணக்கு ஒன்று திறக்க வந்திருந்தார். வழக்கம்போலக் கடைத் தம்பி தன் போன் நம்பரைத் தட்டப் போனார். யாருடைய நம்பர் போடுகிறோமோ அவருக்குத்தான் கணக்கின் இரகசிய இலக்கம் வரும். நான் வாயெடுக்குமுன் அவர் தானாகவே நிறுத்தி, “அம்மா, உங்கட போன் கொண்டுவந்தீங்களா?” என்று கேட்டார். சேலைத் தலைப்பில் சுற்றியிருந்த சின்ன நோக்கியாவை எடுத்தார். நம்பர் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் போன் அதிர்ந்தது. ஆறு இலக்கம். அம்மா அதை வாய்விட்டு வாசிக்கத் தொடங்கினார்.

“வாசிக்க வேணாம்மா. இஞ்ச வந்து நீங்களே தட்டுங்க.”

தம்பி கதிரையிலிருந்து எழுந்து விலகி நின்றார். அம்மா உட்கார்ந்து, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் ஒரே விரலால் ஒவ்வொரு இலக்கமாகத் தேடித் தேடி அழுத்தினார். வரிசையில் நின்ற நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம்.